ஓடினால் குளிர், நின்றால் வெக்கை

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி செய்திருக்கிறது. நல்ல விதி, வெகு தாமதமாக வந்த விதி. மே மாதத்து மத்தியானத்தில் நெல்லூர் தாண்டி விஜயவாடாவுக்கு லோடு கொண்டுபோன யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால், அந்த ஏசி என்ஜின் ஓடினால்தான் ஓடும். ராத்திரி வண்டியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பிய அரை மணி நேரத்தில் கேபின் பழையபடி அடுப்பாகிவிடும். ஓட்டுகிறவருக்கு வசதி கிடைத்தது. தூங்குகிறவருக்கு என்ன கிடைத்தது?

என்ஜினை ஓடவிட்டே தூங்கலாமே என்று கேட்கலாம். நின்ற இடத்தில் ஓடும் கனரக லாரி மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் டீசல் குடிக்கும். ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பதினான்கு லிட்டர். இன்றைய விலையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல். அந்தக் காசுக்கு நெடுஞ்சாலை ஊர்களில் லாட்ஜ் அறையே கிடைத்துவிடும். வண்டி எத்தனை நேரம் சும்மா ஓடியது என்பதை ஜிபிஎஸ் கருவி முதலாளியின் செல்போனுக்குச் சொல்லிவிடுகிறது. மைலேஜ் குறைந்தால் பேட்டாவில் பிடிப்பார்கள். காசை விடுங்கள், உயிருக்கும் ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனில் ஏசி போட்டுத் தூங்கிய இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்திருந்தது. நிறமும் வாடையும் இல்லாத வாயு அது. சைலன்சரில் ஓட்டை விழுந்த லாரிக்கும் இது பொருந்தும். அடைத்த கேபினுக்குள் கொசுவத்தி ஏற்றுவதும், மழை நாளில் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துச் சோறு வடிப்பதும் அதே வகை ஆபத்துகள்தான்.

கேபினில் படுக்கை என்பது சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, அதன்மேல் நைந்த பஞ்சு மெத்தை. முன்கண்ணாடிக்கு லுங்கித் திரை. இரண்டு கதவுகளின் கைப்பிடிகளையும் உள்ளிருந்தே கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். கண்ணாடி விரற்கடை திறந்திருக்கும். அதற்கு மேல் திறந்தால் திருடன் கை உள்ளே வந்துவிடும். வெக்கை தாங்காதவர்கள் வண்டிக்கு அடியில் தூளி கட்டிப் படுப்பதும் உண்டு. பின்னால் வரும் வண்டி ஒன்று கண் அசந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

வெளியே போய்ப் படுக்க ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. பெட்ரோல் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் எண்ணெய் நிறுவனங்கள் ஓய்வு விடுதிகள் நடத்துகின்றன. 2024 பிப்ரவரியில், முதல் கட்டமாக ஆயிரம் ஓய்வு மையங்கள் கட்டப்படும் என்று பிரதமரும் அறிவித்தார். ஆனாலும், லோடு ஏற்றிய ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கத் தயங்குகிறார். தார்ப்பாயைக் கிழித்து இரண்டு பெட்டி எடுத்தாலும், டேங்கில் குழாய் விட்டு டீசல் உறிஞ்சினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சம்பளமில்லாத காவல்காரர் வேலையும் அவர் தலையில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் கட்டிலைவிட முதலில் வேண்டியது சுற்றுச்சுவரும், விளக்கும், ராத்திரி முழுக்க ஒரு வாட்ச்மேனும் உள்ள நிறுத்துமிடம். சரக்கு பத்திரம் என்ற நம்பிக்கை வந்தால்தான் விடுதிக் கட்டிலுக்கு ஆள் வரும்.

முன்பு இந்தக் காவலைக் கிளீனர் பகிர்ந்துகொண்டார். ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருந்தார். இன்று கிளீனர் அருகிவிட்டார். நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியையும் 2018-இல் அமைச்சகம் எடுத்துவிட்டது. ஏட்டளவில் இருந்த விதிதானே, போனால் என்ன என்றார்கள். ஏட்டிலாவது இருந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்து வாளையாறு போன்ற சோதனைச்சாவடிகளின் வரிசை ஒழிந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த வரிசையில் கேட்காமலே கிடைத்த தூக்கமும் கூடவே போயிற்று. மிச்சமான நேரத்தை முழுதாக எடுத்துக்கொண்டது டிரிப் கணக்கு. சரக்குடன் போகும் இ-வே பில்லே 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அவகாசம் தருகிறது. அந்த நிதானம் ஓட்டுநருக்கு வாய்ப்பதில்லை.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு கேட்டது. இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறையும் கேட்டது. ஆனால், ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனம் என்று வரம்பு கட்டியது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஒன்றிரண்டு வண்டியோடு தொழில் செய்பவர்கள் ஏராளம். அவர்களிடம் வேலை செய்பவர் அந்த வரம்புக்கு வெளியே நின்றார். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் கழிப்பதற்கே தடை உண்டு. படுக்க இடம் தருவது முதலாளி செலவு.

சின்ன முதலாளியிடம் மட்டும் கேட்பதும் நியாயமில்லை. வாடகையை அவர் தீர்மானிப்பதில்லை. சரக்கை அனுப்புகிற, இறக்குகிற ஆலைகளை யாரும் கேள்வி கேட்பதே கிடையாது. மணலி, எண்ணூர்ச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கையில் ஓட்டுநர்கள் கேபினிலேயே உண்டு உறங்குகிறார்கள். வண்டி காத்திருந்ததற்கு ஹால்டிங் சார்ஜ் கிடைத்தால் அது முதலாளிக்குப் போகிறது. ஆலை கட்ட அனுமதி கேட்டு வருகிறவரிடம் வாகனம் நிறுத்த எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்று அரசு கேட்கிறது. லாரி ஓட்டி வருகிறவர் குளிக்கவும் படுக்கவும் அறை எங்கே என்று அதே படிவத்தில் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். பதில் இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பலாம்.