முன்னாலா, பின்னாலா?

கென்யிர் ஏரியில் தோமான் மீன் பிடிக்கப் போகும் என் தம்பி, மின்சார மோட்டார் ஒன்று வாங்கியிருக்கிறான். "பின்னால இன்ஜின் பக்கத்திலேயே மாட்டிடவாண்ணே?" என்று கேட்டான்.

மாட்டலாம், செலவும் குறைவு. ஆனால் பின்னால் இருக்கும் மோட்டார் படகைத் தள்ளும். முன்னால் இருப்பது இழுக்கும். இழுத்தால் காற்றிலும் படகு சொன்னபடி கேட்கும். நீரில் நிற்கும் பட்ட மரங்களுக்கிடையே நுழைய அதுதான் வசதி. அலையில் முனை தூக்கும் என்பதால், தண்டு மட்டும் சற்று நீளமாக இருக்க வேண்டும். விசிறி நீருக்குள் ஓர் அடியாவது இறங்கியிருக்கட்டும்.

எனக்குப் பெரிய கவலை எடைதான். இன்ஜின், எண்ணெய்த் தொட்டி, ஓட்டுபவன் எல்லாம் ஏற்கெனவே பின்னால். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி சுமார் 25 கிலோ. அதையும் அங்கேயே வைத்தால் பின்பக்கம் தாழ்ந்து, சிறு அலைகூட உள்ளே ஏறும். அவனோடு இரண்டு பிள்ளைகளும் போகிறார்கள்.

ஆகவே மோட்டார் முன்னால், பேட்டரி நடுவில், பிள்ளைகள் நடுப்பலகையில் மிதவைச் சட்டையோடு. துளை போடுமுன் எல்லாரையும் ஏற்றி, கரையோரம் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொன்னேன். படகு எந்தப் பக்கம் சாய்கிறதென்று தண்ணீரே காட்டிவிடும்.