யாருடைய அந்தரங்கம்?

ஒரு சட்டத்தின் உள்ளக் கிடக்கையை அறிய வேண்டுமாயின், அதன் முகவுரையைப் படிப்பதைவிட, அதன் எந்தப் பிரிவு எந்த நாளில் நடைமுறைக்கு வருகிறது என்று பார்ப்பதே நன்று. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறியது. ஈராண்டுக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்த பின்னர், 2025 நவம்பரில் விதிகளோடு அறிவிக்கையாயிற்று. நம்முடைய பெயரையும் கைபேசி எண்ணையும் கைரேகையையும் திரட்டி வைத்திருப்போர் நம் இசைவைப் பெறவேண்டும். தேவை முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும். அவை களவு போனால் நமக்குத் தெரிவிக்க வேண்டும். இக்கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு அந்த அறிவிக்கை பதினெட்டு மாத அவகாசம் அளித்தது. ஆனால் அதே சட்டத்தின் 44(3) ஆம் பிரிவுக்கு ஒரு நாள் அவகாசமும் தேவைப்படவில்லை. அரசிதழில் அச்சேறிய அன்றே அது உயிர்பெற்றுவிட்டது. அது செய்யும் வேலை யாது? தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைத் திருத்துவது.

குடிமக்களைக் காக்கும் பிரிவுகள் காத்திருக்கலாம்; அலுவலரைக் காக்கும் பிரிவு காத்திருக்கலாகாது போலும்!

அந்தரங்கத்திற்குப் பாதுகாப்பே தேவையில்லை என்று நாம் கூறவரவில்லை. முன்னாளில் ஒருவருடைய பிறப்பு ஓர் அலுவலகத்தின் பதிவேட்டிலும், அவருடைய நிலம் வேறோர் அலுவலகத்திலும், கடன் வங்கியின் பேரேட்டிலும், நோய் மருத்துவரின் நினைவிலும் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் ஒருங்கே திரட்டுவது பெரும்பாடு. அந்தப் பெரும்பாடே நமக்கு வேலியாக இருந்தது. எந்தச் சட்டமும் அந்த வேலியைப் போடவில்லை. கணினி வந்தது, வேலி தானாகவே விழுந்தது. இன்று ஓர் எண்ணைக் கொண்டு ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் நொடிப்பொழுதில் கோத்துவிடலாம். கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகை களவு போனால் எந்த விரலை மாற்றுவது? ஆகவே விழுந்த வேலியின் இடத்தில் சட்டத்தால் ஒரு சுவர் எழுப்ப வேண்டியது அரசின் கடமையே. நம் கேள்வி, அந்தச் சுவர் யாருடைய வீட்டைச் சுற்றி எழுகிறது என்பதுதான்.

இந்த உரிமையை அரசு தானாக முன்வந்து நமக்கு வழங்கிவிடவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. ஆதார் திட்டத்தை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012 இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2015 இல் அவ்வழக்கில் வாதிட்ட அன்றைய தலைமை வழக்குரைஞர் முகுல் ரோத்தகி, அந்தரங்கம் இந்நாட்டுக் குடிமக்களின் அடிப்படை உரிமையே அன்று என்று அரசின் சார்பில் சொன்னார். 1954, 1962 ஆம் ஆண்டுகளின் பழைய தீர்ப்புகள் இரண்டு அதற்குத் துணைக்கு அழைக்கப்பட்டன. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமித்த தீர்ப்பால் அவ்வாதத்தைத் தள்ளியது. அந்தரங்கம் உயிர் வாழும் உரிமையின் பிரிக்கவியலாத கூறு என்றும், மனித மாண்போடு பிணைந்தது என்றும் நிலைநாட்டியது. அத்தகையதோர் உரிமையே இல்லை என்று மன்றாடிய கையே பின்னர் அதைக் காக்கும் சட்டத்தை எழுதியது. எழுதிய விதத்தில் அந்தப் பழைய மனம் தெரியத்தானே செய்யும்?

நம்மைப் பற்றிய செய்திகளை மிகுதியாகத் திரட்டி வைத்திருப்பது யார்? பெரு நிறுவனங்கள் என்பர் சிலர், உண்மைதான். ஆயினும் நியாய விலைக் கடை அரிசிக்கும், முதியோர் உதவித்தொகைக்கும் விரலை நீட்டச் சொல்வது எந்த நிறுவனமும் அன்று, அரசே. நிறுவனத்திடம் ‘வேண்டாம்’ என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அரசிடம் அப்படி நகர முடியாத ஏழைக்கே இச்சட்டத்தின் துணை மிகுதியாகத் தேவை. ஆனால் இதன் 17 ஆம் பிரிவோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக, தான் குறிப்பிடும் எந்த அரசு அமைப்பையும் சட்டத்தின் பிடியிலிருந்து முற்றாக விலக்கிவைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. முதல் வரைவை 2018 இல் அளித்த குழுவின் தலைவரான நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணாவே, 2019 இன் மசோதாவில் இத்தகைய விலக்கைக் கண்டு வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டனம் காற்றோடு போயிற்று.

முறையீடுகளை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. தவறிழைத்தோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்பது பெருமையாகப் பேசப்பட்டது. அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். தரவு களவுபோய் நொந்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. இழப்பீடு பெற வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் நீக்கிவிட இச்சட்டமே ஏற்பாடு செய்துள்ளது. அதேவேளையில், அற்பமான புகார் கொடுத்தார் என்று கருதப்படும் குடிமகனுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம் உண்டு. அடிபட்டவனுக்கு மருந்தில்லை, அழுதால் அபராதம்!

இனி அந்த 44(3) ஆம் பிரிவுக்கு வருவோம். 2005 இன் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அந்தரங்கத்தை மறந்த சட்டம் அன்று. பொதுப் பணியோடோ பொது நலனோடோ தொடர்பற்ற, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தகாத முறையில் தலையிடுகின்ற தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்று அதன் 8(1)(ஜே) பிரிவு கூறியது. அப்போதும் பெரும் பொதுநலன் வேண்டினால் வெளியிடலாம் என்றது. நாடாளுமன்றத்திற்கோ சட்டமன்றத்திற்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்றும் உரைத்தது. இவை அத்தனையும் இப்போது வெட்டியெறியப்பட்டன. எஞ்சியிருப்பது, தனிப்பட்ட தகவல் தொடர்பானவை தரப்பட வேண்டியதில்லை என்னும் ஒற்றைத் தொடர்.

தனிப்பட்ட தகவல் அல்லாதது எது? ஒப்பந்ததாரரின் பெயர், கையொப்பமிட்ட பொறியாளரின் பெயர், பயனாளியின் பெயர், ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைப் பற்றியதே. பெயரில்லாத ஊழல் உலகில் உண்டோ? ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் அமைப்பு 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் சிற்றூரில் தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் கணக்குகள் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. இத்தகைய விசாரணைகளில், வேலைக்கே வராதவர் கூலி பெற்றதாகவும், இறந்தோர் உழைத்ததாகவும் மஸ்டர் ரோல் சொன்ன கதைகள் அம்பலமாயின. அதன் தொடர்ச்சியாக 1996 இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. தகவல் உரிமை என்னும் கோரிக்கை நாட்டுக்குத் தெரிந்தது அங்கிருந்துதான். (விலக்குகள் மலிந்ததே எனினும், மாநில அளவில் முதற் சட்டத்தை 1997 இல் இயற்றியது தமிழ்நாடு என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.) அன்று வாசித்த பட்டியலை இன்று கேட்டால் என்ன விடை வரும்? ‘பெயரும் கூலியும் தனிப்பட்ட தகவல்’ என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடலாம்.

உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய அந்தரங்க உரிமைக்கு இசையவே இத்திருத்தம் என்பர் அரசுத் தரப்பினர். தமிழகத்திலிருந்து சென்ற வழக்கொன்றை அவர்களுக்கு நினைவூட்டுவோம். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத் துறை மேலதிகாரி தடுக்கப் பார்த்தார். காவல் அதிகாரிகள் சிலருக்கு அவனோடு இருந்த தொடர்பு அதில் எழுதப்பட்டிருந்தது என்பதே பின்னணி. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடக் கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது அத்தீர்ப்பு. அதே மூச்சில், அரசு அலுவலர் தம் அலுவல் சார்ந்த செயல்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாக்க இயலாது என்றும், வெளிவரும் முன்னரே தடை கோர முடியாது என்றும் தெளிவுறுத்தியது. இந்நாட்டில் அந்தரங்க உரிமை தழைத்த நாளிலேயே அதன் எல்லையும் வகுக்கப்பட்டுவிட்டது. முதற் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை மறைப்பது இசைவாகுமா?

8(2) ஆம் பிரிவு நீடிக்கிறதே, தீங்கைவிடப் பொதுநலன் மிகுந்தால் தகவல் தரலாமே என்பது அவர்களின் அடுத்த விடை. நீடிப்பது மெய். ஆனால் முன்பு, கேட்ட தகவல் பொதுப் பணி சார்ந்தது என்று காட்டினாலே அந்த விலக்கின் முதல் வாசல் அடைபட்டது. இப்போது எல்லாப் பெயரும் முதலில் மூடப்பட்டு, பிறகு அலுவலர் மனம் வைத்தால் திறக்கப்படும். பழைய சொற்கள் இருந்த காலத்திலேயே, அதிகாரிகளின் சொத்து விவரமும் அவர்கள் பெற்ற தண்டனையும் தனிப்பட்டவை என்று 2012 இல் ஒரு தீர்ப்பு வந்தது. அதைக் காட்டி மறுக்கப்பட்ட மனுக்கள் எத்தனையோ. கடிவாளம் இருந்தபோதே இப்படி ஓடிய குதிரை, கடிவாளம் கழற்றிய பின் எங்கே நிற்கும்?

நாம் வேண்டுவது ஒன்றே. 44(3) ஆம் பிரிவை நாடாளுமன்றம் நீக்கி, 2005 இன் சொற்களை அப்படியே மீட்க வேண்டும். அதுவரை மனுப்போடுவதை எவரும் நிறுத்திவிடலாகாது. 8(2) ஐ மனுவிலேயே குறிப்பிட்டு, பொதுநலன் யாதென இரண்டு வரி எழுதுவோம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்கிறது 7(8). முப்பது நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்வோம். அங்கே, மறுத்தது சரியே என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு கேட்டவருடையதன்று, மறுத்த அலுவலருடையது என்று 19(5) கூறுகிறது. அதன்மேல் இத்திருத்தம் கைவைக்கவில்லை.