அரைப்பேர்

ஓவியம் பார்ப்பதற்குரியது, தொடுவதற்குரியதன்று. இளமையிலே நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் இது. கொழும்பு நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் "கை வைக்காதீர்கள், கை வைக்காதீர்கள்" என்று சொல்லிச் சொல்லியே நமது தொண்டை வறண்டு போனதுண்டு. ஆகவே, முன்பு நம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்று, இன்று பல்கலைக்கழகத்திலே சித்திரம் பயிலும் மாணவி ஒருத்தி, விடுமுறைக்கு ஊர் வந்தவிடத்து நம் வீட்டுக்கும் வந்து, "சேர், நான் இப்போது செய்கிற சித்திரத்தைத் தொடாதவர்களுக்கு அதில் ஒன்றுமே தெரியாது" என்று கூறியபோது நாம் சற்றுத் திகைத்தோம்.

அவள் லயத்திலே பிறந்து வளர்ந்தவள். வண்ணத்துக்குக் காசில்லாத நாட்களில் கரித்துண்டால் சுவரில் எழுதிப் பழகியவள். இன்று அவள் கையிலே தூரிகை இல்லை. கணனியும், ஒரு சிறு மின்சுற்றுப் பலகையும் இருக்கின்றன. இது வளர்ச்சியா, வழி தவறியதா என்று நமக்குள் ஒரு வினா எழுந்ததை மறைப்பானேன்!

நம் ஐயத்தை அறிந்தவள் போல அவள் தன் கைத்தொலைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினாள். யப்பானிலே டீம்லேப் என்றொரு கலைக் குழுவினர் உண்டு. அவர்கள் 2016இல் ஆக்கிய படைப்பொன்று இருண்ட தேநீர்ச் சாலையில் நிகழ்கிறது. கோப்பையிலே தேநீர் வார்த்தவுடன், மேலிருந்து விழும் ஒளியினால் அத்தேநீருக்குள் ஒரு பூ மலர்கிறது. கோப்பையைத் தூக்கினால் இதழ்கள் உதிர்ந்து சிதறுகின்றன. தேநீர் இருக்கும் வரையிற் பூக்கள் மலர்ந்துகொண்டே இருக்கும். குடித்து முடிந்தால் பூவும் இல்லை.

"அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் இது சித்திரமா, காணிவேல் வேடிக்கையா?" என்றோம்.

அவள் வாதாடவில்லை. "கோப்பைக்குள்ளே பூ மலர்கிறது, சேர். கூடைக்குள்ளே என்ன மலரும்?" என்று மாத்திரம் கேட்டாள். நமக்கு விடை தோன்றவில்லை.

பொறி கொண்டு செய்வது கலையாகுமா என்பது புதிய வழக்கன்று. புகைப்படக்கருவி தோன்றிய காலத்திலும் இதே வழக்கு நடந்தது. 1859இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், புகைப்படத்தைக் கலையின் பகையென்றே சாடினார். அவ்வழக்கின் ஒரு தடயம் நம் மலைநாட்டு மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. பொகவந்தலாவையிலுள்ள பரிசுத்த மரியாள் தேவாலயத்தின் மயானத்திலே ஜூலியா மார்கரட் கெமரன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. 1863ஆம் ஆண்டின் இறுதியில், தம் நாற்பத்தெட்டாம் வயதிலே, மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கருவியைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கியவர் இவர். கூர்மை குன்றிய, மங்கலான முகங்களை வேண்டுமென்றே எடுத்தமையால், புகைப்பட வல்லுநர்கள் இவரை எள்ளி நகையாடினர். இன்று உலகின் பெரிய கலைக்கூடங்கள் அப்படங்களைப் பொக்கிஷமாகப் பேணுகின்றன. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்த அவர், 1879 ஜனவரியில் டிக்கோயாவுக்கு அண்மையிலுள்ள கிளென்கெயான் தோட்டத்திலே காலமானார். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தொடக்கிய தேயிலை, இலைநோயால் அழிந்துகொண்டிருந்த கோப்பியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

கெமரன் அம்மையார் இங்கிலாந்திலே எடுத்த படங்களைப் பாருங்கள். டெனிசன், டார்வின், ஹேர்ஷல் என்று பெயர்கள் வரிசையாய் நிற்கும். இலங்கையிலே எடுத்தவை மிகச் சில. அவற்றிலே குடியானவர்களும் உழைக்கும் பெண்களும் நம்மை நேராக நோக்குகின்றனர். கண்ணாடித் தட்டிலே உருவம் பதியும் வரையில் அசையாது அமர்ந்திருந்த முகங்கள் அவை. அந்தப் பொறுமைக்குப் பதிலாக அவர்கள் பெயரையாவது எவரும் எழுதி வைத்தார்களா? இல்லை. அம்மையாரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அக்காலத்தின் வழக்கம் அது. எனினும், முகம் இருக்கப் பெயர் இல்லாமற் போவது மலைநாட்டுக்குப் பழகிப்போன செய்தி. சுற்றுலா விளம்பரத்திலும் தேயிலைப் பெட்டியிலும் கொழுந்து கிள்ளும் பெண்ணொருத்தி இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் யார்?

தொட்டால் மாறும் படமும் நேற்றுப் பிறந்ததன்று. கொரியாவிற் பிறந்த நாம் ஜூன் பைக் என்பார் 1963இல் ஜேர்மனியிலே, பார்வையாளர் ஒலிவாங்கியிற் பேசினால் திரையின் உருவம் மாறும் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்தார். 1968இல் லண்டனில் கணனியையும் கலையையும் இணைத்த பெருங்கண்காட்சி ஒன்று நடந்தது. 2005இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்னும் மலிவான மின்சுற்றுப் பலகை உருவானபின், பொறியியல் கல்லாதவரும் இவ்வித்தையிற் கைவைக்கலாயினர். நம் மாணவியிடம் இருந்ததும் அதுவே. ஆனால் ஒன்று: மாசி மாதத்திலே நம் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு, பார்ப்பவனுக்கும் ஆடுபவனுக்கும் இடையே வேலியில்லாத கலையை லண்டனிலிருந்து யாரும் கொண்டுவந்து காட்ட வேண்டியதில்லை.

தேயிலையையே கலைப்பொருளாக்கும் துணிவும் இம்மலையிலிருந்து எழுந்ததுதான். ஹட்டனைச் சேர்ந்த, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைப் பைகளையும் தேயிலைக் கறையையுமே ஊடகமாகக் கொண்டு தோட்டத்து வாழ்வைத் தீட்டி வருகிறார். கோப்பையைக் கழுவும்போது நாம் தேய்த்துப் போக்குகின்ற கறை அங்கே வண்ணமாகிறது. நம் மாணவிக்கு இவர் படைப்புகளே கண் திறந்தன என்று அவளே கூறினாள். ஒரு மலையிலிருந்து ஒருவர் போன வழி பின்னால் வருபவருக்குப் படிக்கட்டாகிவிடுகிறது.

இனி அவள் செய்ததைச் சொல்வோம்.

கொழுந்து மடுவத்திலே தொங்குவது போன்றதொரு தராசு. அதற்கெதிரே இருண்ட சுவர். தராசிலே கொழுந்தைப் போட்டால், பாரத்தினால் ஓர் உலோகத் துண்டு மயிரிழையளவு வளைகிறது; வளைவினால் அதன்மேல் ஒட்டியுள்ள கம்பியின் மின்தடை மாறுகிறது; அம்மாற்றத்தை மின்சுற்றுப் பலகை எண்ணாக்கிக் கணனிக்குச் சொல்கிறது; கணனி புரொஜெக்டர் வழியே சுவரில் எழுதுகிறது. எதை? பெயர்களை. அவளுடைய லயத்திலே கொழுந்தெடுத்து ஓய்ந்த ஏழு பெண்களின் பெயர்களை. நிறை ஏற ஏற எழுத்துகள் ஒவ்வொன்றாய் ஒளிரும். 18 கிலோ ஏறினாற்றான் ஏழு பெயரும் முழுமையாகும். அவள் பிறந்த தோட்டத்திலே ஒருத்தி ஒரு நாளில் எடுக்க வேண்டிய கொழுந்து அவ்வளவு.

தோட்டத்து வழக்கை அறியாத வாசகருக்கு ஒரு சொல். அங்கே ஒரு நாள் வேலையைச் செக்றோலிற் பதிவதற்குப் 'பேர் போடுதல்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் விழுவது 'அரைப்பேர்'. அன்றைக்கு அரைநாட் சம்பளம். ஒருத்தியின் உழைப்பு குறைந்தால் அவள் பெயரே பாதியாகிவிடுகிற இச்சொல்லை எந்தப் புலவனும் கட்டவில்லை, வயிறு கட்டியது. நம் மாணவி செய்ததெல்லாம் அச்சொல்லைச் சுவரில் அப்படியே எழுதிக் காட்டியதுதான்.

பல்கலைக்கழகத்திலே அவள் இதனைக் காட்சிக்கு வைத்தபோது வந்தவர்கள் ஒரு பிடி கொழுந்தைப் போட்டார்கள். இரண்டு எழுத்து ஒளிர்ந்தது. அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓர் இளைஞன் தராசைக் கையால் அழுத்தினான். ஏழு பெயரும் பளிச்சென்று எரிந்தன. கூடியிருந்தோர் கைதட்டினராம். "அழுத்துகிற கையையும் கொழுந்தையும் என் கருவிக்குப் பிரித்தறியத் தெரியவில்லை, சேர்" என்று சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. தொடுகலையில் நமக்கிருந்த ஐயம் உறுதிப்பட்டது. தொடுவதற்கு இடங்கொடுத்துவிட்டால், எவர் எப்படித் தொடுவார் என்பதற்கு யார் பொறுப்பு?

ஆயினும் அவள் விடுவதாயில்லை. அதே கருவியைத் தன் தோட்டத்துக் கோயில் மண்டபத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைத்தாள். நம்மையும் அழைத்திருந்தாள். மழை விடாமற் பெய்துகொண்டிருந்தது. உறவினர் ஒருவரின் சிறு தேயிலைக் காணியிலிருந்து எடுத்த கொழுந்து ஒரு சாக்கிலே இருந்தது. பெண்கள் முக்காடிட்டுக்கொண்டு வந்து அமர்ந்தனர். அவளுடைய அம்மாயி முன்னே வந்தார். நாற்பது வருடம் கூடை சுமந்தவர். கொழுந்தை அள்ளி முகர்ந்தார். முற்றல் இலை இரண்டைப் பொறுக்கி எறிந்தார். பிறகு சாக்கோடு தூக்கித் தராசிலே மாட்டச் சொன்னார்.

சுவரிலே ஏழு பெயரும் முழுமையாய் எழுந்தன. பிள்ளைகள் ஆரவாரித்தனர். அம்மாயி மாத்திரம் முகத்தைச் சுளித்தார்.

"இது பொய்த் தராசுடி, கண்ணு."

"ஏன் அம்மாயி? சரியாத்தானே நிறுக்குது?"

"அதத்தான் சொல்றேன். சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கல, ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிக்கல. இம்புட்டு மழையில நனைஞ்ச கொழுந்து, ஒண்ணுமே கழிக்காம யாருடி எங்களுக்குப் பேரு போட்டா? கழிச்சுப் போட்டுப் பாரு, எம்புட்டுப் பேரு நிக்கிதுன்னு."

பெண்கள் 'கொல்'லென்று சிரித்தார்கள். மாணவி கணனியின் முன் அமர்ந்தாள். ஒரு வரியை மாற்ற அவளுக்கு இரண்டு நிமிடமும் ஆகவில்லை. சாக்கு அதே சாக்கு. கொழுந்து அதே கொழுந்து. சுவரிலோ எழுத்துகள் பின்வாங்கின. நிறை 14 ஆயிற்று. ஏழு பெயரும் பாதியிலே நின்றன. பள்ளிக்கூடம் போகும் சிறுமி ஒருத்தி எஞ்சிய எழுத்துகளை உரத்து வாசித்தாள். பாதிப் பெயர்களாகக் கேட்கையில் அவை யாருடைய பெயராகவும் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. கூரைத் தகட்டில் மழை மாத்திரம் கேட்டது.

நாம் அங்கேதான் நமது ஐயத்தை மாற்றிக்கொண்டோம். கெமரன் அம்மையாரின் கருவிக்கு முன்னே அமர்ந்திருந்தவர்கள், "அம்மா, எங்கள் கதை இதுவன்று" என்று சொல்ல வழியிருக்கவில்லை. அசைந்தாற் படம் கெட்டுவிடும். இங்கே சித்திரத்துக்குள் இருப்பவரே எழுந்து வந்து சித்திரத்தோடு வழக்காடினார். சித்திரமும் அவருக்கு இணங்கித் திருந்தியது. பல்கலைக்கழகத்து இளைஞனும் தொட்டான், அம்மாயியும் தொட்டார். கருவிக்கு வேற்றுமை தெரியாது. மண்டபத்திலே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

இப்படிச் சொல்வதனால் குறையே இல்லை என்பதன்று. அன்று மாலை ஏழு மணிக்கு மின்சாரம் போயிற்று, சித்திரமும் போயிற்று. கெமரனின் படங்கள் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் கண்ணெதிரே நிற்கின்றன. நம் மாணவியின் படைப்போ ஒரு கணனிக்குள்ளே உறங்குகிறது. கணனி பழுதுபட்டாலும், அதிலுள்ள மென்பொருள் வழக்கொழிந்தாலும் அதை எழுப்புவார் யார்? இதை நாம் வினவியபோது அவளிடமும் விடை இருக்கவில்லை. நிரலைக் கையாலும் ஒரு கொப்பியிலே எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாள். கரித்துண்டுச் சிறுமியின் பழக்கம் இன்னும் போகவில்லை.

மெழுகுதிரி வெளிச்சத்திலே சாக்கைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அம்மாயி பேத்தியை அருகே அழைத்தார். கீழ் லயத்திலே தம்மோடு ஒரே நிரையிற் கொழுந்தெடுத்து, மண்சரிவொன்றிலே மாண்டுபோன தோழி ஒருத்தியின் பெயரைச் சொல்லி, "அவ பேரு அதுல இல்லையே" என்றார். வேறொரு மூதாட்டி தன் நாத்தனாரின் பெயரைச் சொன்னார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மாணவி கைத்தொலைபேசியின் வெளிச்சத்திலே கொப்பியை விரித்து எழுதிக்கொண்டாள்.

சென்ற கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. பெயர்கள் நாற்பத்திரண்டு ஆகிவிட்டனவாம். கோயில் மண்டபத்துச் சுவர் போதாது, தொழிற்சாலையின் வெளிச்சுவரைக் கேட்டுப் பார்க்கலாமா என்று வினவியிருக்கிறாள்.