60 வயதுக் காருக்கு மார்க் போட்ட சர்க்கார்

பழைய காரின் இஞ்சினை எடுத்துவிட்டு, வேறு இஞ்சின் வைத்தால் அது அதே கார்தானா?

ஸ்பிரிங்கை மாற்றினால்? உடம்பையே மாற்றினால்?

விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் சர்க்காரே இதற்குக் கணக்குப் போட்டது. காரின் ஒவ்வொரு பாகத்துக்கும் மார்க் கொடுத்தது. 8 மார்க் வாங்கிய கார், தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். வாங்காத கார் அதை இழக்கும்.

உடற்கூட்டுக்கு 5 மார்க். சஸ்பென்ஷனுக்கு 2. அச்சுகளுக்கு 2. கியர் பெட்டிக்கு 2. ஸ்டீயரிங்குக்கு 2. இஞ்சினுக்கு 1 மார்க்தான்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே அச்சில் வார்த்த புத்தம் புதிய கூட்டை வாங்கி வைத்தால் 5 மார்க்கும் கிடைக்கும். பழைய கூட்டையே வைத்துக்கொண்டு அதை வெட்டி மாற்றினால், 5 மார்க்கும் போச்சு!

2025 ஆகஸ்ட் 26ந்தேதி முதல் இந்தக் கெடுபிடி தளர்ந்தது. உடைந்ததற்குப் பதில் அதே மாதிரிப் பாகம் போட்டால், தோற்றமும் பதிவுப் புத்தக விவரமும் மாறாதவரை சர்க்காருக்குச் சொல்லவே வேண்டாம். பெரிய மாற்றம் செய்தால் சொல்ல வேண்டும். ஆனால் பழைய நம்பர் போகாது. பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைத்த காருக்கும் இதே சலுகை உண்டு.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் அவர்களுடைய கஷ்டம் நம்பரோடு முடிந்துவிடவில்லை.

எம்.ஜி.பி. கார்

இந்தக் கதைக்கு எம்.ஜி.பி. என்ற காரையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

எம்.ஜி. என்ற பெயர் நம் ஊர் ரோடுகளிலும் தெரிகிறது. 2019 முதல் இந்தியாவில் அந்தப் பெயரில் கார்கள் விற்பனையாகின்றன. பெயர் இன்று சீனக் கம்பெனியின் கையில் இருக்கிறது. பிறந்தது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரத்தில். 'மோரிஸ் கராஜஸ்' என்ற பெயரின் முதல் எழுத்துகள்தான் எம்.ஜி.

எம்.ஜி.பி. 1962ல் வந்தது. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் ஊரில் தயாரானது. இரண்டு பேர் உட்காரலாம். கூரை துணி, வெயில் அடித்தால் மடக்கிவிடலாம். நாலு சிலிண்டர், 1,798 சி.சி. இஞ்சின். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும் கோடீசுவரர் வண்டி அல்ல. சம்பளக்காரர்களும் வாங்கினார்கள்.

1980ல் உற்பத்தி நின்றது. அதற்குள் 5 லட்சத்துக்கு மேல் தயாராகிவிட்டன. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது.

இன்றும் இந்தக் கார் ஓடுவதற்குக் காரணம், உதிரிப் பாகம் கிடைப்பதுதான். பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988ல் புதிய உடற்கூடுகளையே செய்து விற்க ஆரம்பித்தார்கள். தகரத்துரு தின்ற காருக்கு மறுபிறவி!

பெட்ரோல் செய்த கேடு

கார் மாறவில்லை. ஆனால் அதற்கு ஊற்றும் பெட்ரோல் இரண்டு தடவை மாறிவிட்டது.

அந்த நாள் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. இஞ்சினுக்குள் எரிந்த புகையை வெளியே விடுவது ஒரு வால்வு. கதவு போலத் திறந்து மூடும். அது உட்காரும் இடம் பழுக்கக் காய்ந்து கிடக்கும். வால்வுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஈயத்தின் சாம்பல் மெத்தை போல நின்றது.

ஈயம் உடம்புக்கு விஷம். குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். அதனால் 1999 முடிவோடு இங்கிலாந்தில் அதன் பொது விற்பனை நின்றது. நல்ல காரியம்தான். ஆனால் மெத்தை போய்விட்டது. சூட்டில் வால்வு வந்து மோதும்போது, இரும்பும் இரும்பும் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு பிய்ந்தன. வால்வு நாளுக்கு நாள் உள்ளே இறங்கியது. கடைசியில் சரியாக மூடாமல் போனது. கதவு மூடாத வீட்டில் அடுப்பு மூட்டினால் காற்றில் அலையும் அல்லவா? இஞ்சினும் அப்படித்தான் சக்தியை இழந்தது.

மெதுவாக ஓட்டியவர்களுக்குப் பல ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இதற்கு வைத்தியம் உண்டு. இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, வால்வு உட்காரும் இடத்தைக் கடைந்து, கெட்டி உலோக வளையம் ஒன்றை இறுக்கிப் பொருத்த வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இரண்டாவது மாற்றம் 2021 செப்டம்பரில் வந்தது. சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எதனால் சேர்க்க ஆரம்பித்தார்கள். எதனால் என்பது கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் சாராயம்.

சாராயத்துக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. தினமும் ஓடும் காரில் அது தொல்லை தராது. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் தூங்கும். டாங்கியில் தண்ணீர் சேரும், துரு பிடிக்கும். பழைய ரப்பர் குழாய் ஊறி வெடிக்கும். சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும்? காரே கொளுத்திக்கொள்ளும்!

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது இந்தக் குழாய்கள்தான். எதனால் தாங்கும் குழாய்கள் கடையில் கிடைக்கின்றன. விலையும் சொற்பம். ஆயிரக்கணக்கான பவுன் செலவு செய்து இஞ்சினைப் பெருக்குகிறவர், இந்தக் குழாயை மறந்துவிட்டால் அத்தனை செலவும் வீண்.

எதனாலில் பிராணவாயு உண்டு. அதனால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற நிலை ஏற்படும். ஆரம்ப கால எம்.ஜி.பி.யில் இரண்டு கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நட்டு. அதைச் சிறிது திருப்பினால் பெட்ரோல் கூடும். புதுக் கார்களில் கம்ப்யூட்டர் செய்யும் வேலையை இங்கே ஒரு ஸ்பானர் செய்துவிடுகிறது.

எட்டு சிலிண்டர் ஆசை

இவை பழுதுபார்க்கும் வேலை. சிலருக்கு அது போதாது. வேகம் வேண்டும்!

சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, 1,798 சி.சி.யை 1,950 வரை கொண்டுபோகிறார்கள். வேறு கேம் ஷாப்ட், வேறு கார்புரேட்டர் வைக்கிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் எட்டு சிலிண்டர் ரோவர் இஞ்சினையே இறக்குகிறார்கள்.

இது பைத்தியக்கார வேலை அல்ல. ஆபிங்டன் ஆலையே 1973 முதல் 1976 வரை கூரை போட்ட எம்.ஜி.பி.யில் இதே இஞ்சினை வைத்து விற்றது. 3,528 சி.சி.; ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிசு. ஆனால் அலுமினியத்தால் ஆனது. ஆகவே எடை பழைய இரும்பு இஞ்சினின் எடையைப் போலத்தான்.

ஆனால் வேகம் கூடினால் பிரேக் தாங்க வேண்டும். சஸ்பென்ஷன் தாங்க வேண்டும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

வில் வண்டியும் ஸ்போர்ட்ஸ் காரும்

நம் ஊர் வில் வண்டியை நினைத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக அடுக்கிய இரும்பு வில் மேல் வண்டி உட்கார்ந்திருக்கும். எம்.ஜி.பி.யின் பின்பக்கமும் அதே ஏற்பாடுதான்! முன்பக்கம் மட்டும் சுருள் ஸ்பிரிங்.

வில் மட்டும் இருந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்த கார் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். இன்றைய கார்களில் அது சைக்கிள் பம்பு போல நீளமாக இருக்கும். எம்.ஜி.பி.யில் அப்படி இல்லை. ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் எண்ணெய், வெளியே ஒரு கை. சக்கரம் எழும்பினால் கை அசையும். உள்ளே எண்ணெய் ஒரு சிறு துவாரம் வழியாக நெருக்கிக்கொண்டு போகும். ஆபீஸ்களில் கதவின் தலையில் ஒரு கருவி மாட்டியிருப்பார்கள். கதவு அடித்துக்கொள்ளாமல் மெல்ல மூடும். அதே தத்துவம்தான்.

"இது ஓட்டைக் கருவி. தூக்கி எறி. புது மாதிரிக் குழாய் ஷாக் அப்சார்பர் மாட்டு" என்று யோசனை சொல்கிறவர்கள் ஏராளம். அதற்கென்று பெட்டி பெட்டியாகச் சாமான் விற்கிறது.

அவசரப்பட வேண்டாம். முன்பக்கத்தில் அந்தப் பழைய கை, ஷாக் அப்சார்பர் மட்டும் அல்ல. சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான்! அதை எடுத்தால் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. அதனால் சில சாமான்களில், பழைய கையை வெறும் பிடியாக விட்டுவிட்டு, பக்கத்தில் புதுக் குழாயை மாட்டுகிறார்கள்.

பழைய கார் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் அமைப்பு அல்ல, கவனிப்பு இல்லாததுதான். எண்ணெய் குறைந்திருக்கும். ரப்பர் புஷ் நைந்திருக்கும். முன்சக்கரத்தின் கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்து ஓட்டிப் பார்க்காதவர், புதுச் சாமானுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு.

சோதித்துப் பார்ப்பது சுலபம். காரின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை குதித்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று அர்த்தம்.

புஷ் விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் உண்டு. ஆலை தன் எட்டு சிலிண்டர் காருக்காகச் செய்த இரும்பு உறை போட்ட புஷ், சாதாரண எம்.ஜி.பி.யிலும் பொருந்தும். நீண்ட நாள் உழைக்கும்.

ஆலையே கெடுத்த கார்

1974 கடைசியில் ஒரு விபரீதம் நடந்தது. கார்களின் முன்பின் தடுப்பு எவ்வளவு அடி தாங்க வேண்டும், விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. புதுக் கார் வடிவமைக்க ஆலையிடம் பணம் இல்லை. பளபளக்கும் குரோமியத் தடுப்பை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் மூக்கை மாட்டினார்கள். காரையே ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள்! திறந்த கார்களில், வளைவில் சாயாமல் தடுக்கும் கம்பியையும் எடுத்துவிட்டார்கள்.

விளைவு? வளைவில் கார் சாய்ந்தது. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். 1976ல்தான் கம்பி திரும்ப வந்தது. பின்னாலும் ஒன்று சேர்த்தார்கள். உயரம் குறையவில்லை.

இன்று அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள், குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைப் பழைய உயரத்துக்கு இறக்குகிறார்கள். இதை மாற்றம் என்பதா, பழையபடி ஆக்குவது என்பதா? மாற்றங்களிலேயே அதிக நியாயம் உள்ளது இதுதான்.

பரிசோதனை இல்லை, பொறுப்பு உண்டு

இங்கிலாந்தில் கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயம். 2018 மே 20ந்தேதி முதல் 40 வயது தாண்டிய கார்களுக்கு அது தேவையில்லை. கடைசி எம்.ஜி.பி.க்கும் இப்போது 40 வயது தாண்டிவிட்டது.

சலுகைக்கு நிபந்தனை உண்டு. கடந்த 30 ஆண்டுகளுக்குள் காரை அடியோடு மாற்றியிருக்கக் கூடாது. தேய்ந்ததற்குப் பதில் போட்டதும், பத்திரத்துக்காகச் செய்ததும் குற்றம் அல்ல. பின்பக்கத்து வில்லை எடுத்துவிட்டு வேறு வகை சஸ்பென்ஷனே வைத்தால் சலுகை போய்விடும்.

பரிசோதனை இல்லை என்பதற்காக ஓட்டைக் காரை ரோட்டில் விட முடியாது. ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுன் வரை அபராதம். ஆனால் நைந்த புஷ்ஷை யார் கண்டுபிடிப்பது? முன்பு ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒரு மெக்கானிக் காரைத் தூக்கி அடியில் பார்த்தார். இப்போது சொந்தக்காரர் பார்த்தால் உண்டு. அதனால் சட்டம் கேட்காவிட்டாலும் சிலர் தாங்களாகவே காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். இஞ்சினைப் பெரிசாக்கியவர்கள் கட்டாயம் அப்படிச் செய்வது நல்லது.

இந்தியாவில்

நம் நாட்டில் 2021 ஜூலையில் விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிகளை 'விண்டேஜ்' வண்டி என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். தமிழ்நாட்டு வண்டியானால் 'டி.என். வி.ஏ.' என்று இருக்கும்.

இந்திய விதி கண்டிப்பானது. அடிச்சட்டம், உடற்கூடு, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மார்க்கும் இல்லை, பேரமும் இல்லை. பொருட்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போக முடியாது.

பெட்ரோல் விஷயத்தில் இந்தியக் கார்காரர்களுக்குக் கஷ்டம் அதிகம். இங்கிலாந்தில் பழைய கார்களுக்காக 5 சதவீதத்துக்கு மேல் எதனால் சேராத உயர்ந்த பெட்ரோலைத் தனிக் குழாயில் விற்கிறார்கள். விலை கூட, ஆனால் கிடைக்கிறது. இந்தியாவில் 2025ல் 20 சதவீத எதனால் பெட்ரோலே பொதுவாகிவிட்டது. ஆகவே இங்கே கொட்டகையில் பழைய கார் வைத்திருப்பவர், அதை நிறுத்திவைக்கும் மாதங்களில் டாங்கியைக் காலி செய்துவிட வேண்டும். ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிசுபிசுத்தாலும் வெடிப்பு தெரிந்தாலும் அன்றே மாற்றிவிட வேண்டும்.