‘ஆல் சீசன்’ டயர் எல்லா சீசனுக்கும் போதுமா? கனடா ஓட்டுநர்கள் இரண்டாகப் பிரிவது ஏன்?

அக்டோபர் பிறந்ததும் கனடாவின் கராஜ்களில் ஒரே கேள்விதான்: “டயர் மாத்தணுமா, இல்ல இருக்கிறதே போதுமா?” ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கும் இது வருஷா வருஷம் வரும் கேள்வி. அங்கே புதுக் கார் பெரும்பாலும் ‘ஆல் சீசன்’ டயரோடுதான் வருகிறது. “எல்லாப் பருவத்துக்கும்னு பேர்லயே இருக்கே, அப்புறம் எதுக்குத் தனியா வின்டர் டயர்?” என்கிறது ஒரு தரப்பு. “அது மூணு சீசன் டயர்தான்” என்கிறது இன்னொரு தரப்பு. யார் சொல்வது சரி?

குளிரில் டயருக்கு என்ன ஆகிறது?

டயர் என்பது வெறும் ரப்பர் இல்லை. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், சிலிக்கா, கார்பன் எல்லாம் கலந்த கலவை. எந்த வெப்பநிலையில் அந்தக் கலவை மென்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். சாதாரண ஆல் சீசன் டயரின் கலவை, குளிர் கூடக் கூட விறைக்கும். விறைத்த ரப்பர் சாலையின் மேடு பள்ளத்தைப் பிடிக்காது, வழுக்கும்.

இதற்கு எல்லையாக 7 டிகிரி செல்சியஸ் என்று சொல்வார்கள். அது ஒரு நடைமுறைக் கணக்கு. 8 டிகிரியில் நன்றாக நின்ற கார் 6 டிகிரியில் சட்டென்று வழுக்கிவிடாது. பிடிமானம் படிப்படியாகத்தான் குறையும். ஆனால் பனி விழும் முன்பே, காய்ந்த சாலையிலேயே இந்த மாற்றம் தொடங்கிவிடும். சென்னையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிது. அங்கே மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 7 டிகிரி பக்கம் போவதில்லை. டொராண்டோவிலோ ஜனவரி மாதச் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே.

முத்திரை என்ன சொல்கிறது?

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர்தான். பெயரை விட்டுவிட்டு டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்.

‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்து இருந்தால் ‘மட் அண்ட் ஸ்னோ’, அதாவது சேறும் பனியும் என்று பொருள். டயரின் பள்ளங்கள் எந்த வடிவில், எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்பதை வைத்துத் தரப்படும் அடையாளம் இது. பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்று சிகரமுள்ள மலை, அதன் நடுவே ஒரு பனித்துகள். இந்தச் சின்னம் இருந்தால் கதை வேறு. 1999இல் வட அமெரிக்காவில் அறிமுகமான முத்திரை இது. இறுகிய பனியில், ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்டியிருக்க வேண்டும் என்ற அளவுகோலோடு வந்தது. ஆனால் அந்தச் சோதனை, பனியில் கார் கிளம்பும் இழுவையைத்தான் அளக்கிறது. வழுவழுப்பான ஐஸில் பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும் என்பதை அது சொல்லாது.

ஆல் வெதர் என்பது வேறா?

ஆமாம், வேறுதான். கனடாக் கடைகளில் ‘ஆல் வெதர்’ என்று விற்பது, மலைச் சின்னம் பெற்று, வருடம் முழுக்க ஓட்டக்கூடிய டயர். ஆல் சீசனைவிடக் குளிரில் மென்மையானது. பொதுவாகக் கொஞ்சம் வேகமாகத் தேயும். கடும் ஐஸில் தனி வின்டர் டயருக்கு ஈடாகாது.

ஐரோப்பாவில் இன்னொரு சிக்கல். அங்கே ‘ஆல் சீசன்’ என்று விற்கும் டயர்களில் பெரும்பாலானவை மலைச் சின்னம் உள்ளவை. ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் “நான் ஆல் சீசன்தான் போட்டிருக்கேன், ஒரு பிரச்சனையும் இல்ல” என்று சொன்னால், அவர் சொல்வது கனடாவின் ஆல் வெதரை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னமுள்ள டயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டாலர் அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் வேண்டும். ஆனால் அங்கே எம் பிளஸ் எஸ் எழுத்தே போதும், பள்ளம் 3.5 மி.மீ. இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. பதிலுக்கு, வின்டர் டயர் போட்டவர்களுக்கு காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி முதல் உள்ளது. ஆல் வெதருக்கும் அது கிடைக்குமா என்பதை உங்கள் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

ஜெர்மனியில் பனியோ ஐஸோ உள்ள சாலையில் ஓட்ட குளிர்கால டயர் வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அங்கே எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள டயர் அந்தக் கணக்கில் வராது. மலைச் சின்னம் இருந்தாக வேண்டும்.

ஓட்டுநர்களின் வாதங்கள் எவ்வளவு சரி?

“என் வண்டி ஆல் வீல் டிரைவ்.” நான்கு சக்கரமும் இழுப்பதால் பனியில் கிளம்புவது எளிது. ஆனால் பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. நிற்பதற்கு அந்த வசதி உதவாது, டயர்தான் உதவும். சுலபமாகக் கிளம்புவதால் வரும் துணிச்சல்தான் ஆபத்து.

“நான் டவுனுக்குள்ளதான் ஓட்டுறேன், உப்பு போட்டு ரோட்டைச் சுத்தம் பண்ணிடுறாங்க.” இதில் நியாயம் இருக்கிறது. புயல் நாளில் வீட்டிலேயே இருக்க முடிகிறவருக்கு ஆல் வெதர் போதுமானதாக இருக்கலாம். விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவர், டெலிவரி ஓட்டுகிறவர், நர்ஸ் வேலை பார்க்கிறவர் எல்லாம் உப்பு லாரி வரும் முன்பே சாலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது.

“ரெண்டு செட் வாங்கக் கட்டுப்படியாகாது.” முதல் வருடம் கை கடிக்கும், உண்மைதான். ஆனால் ஒரு செட் ஓடும்போது இன்னொன்று தேயாது. ஆக டயர் விலை பல வருடங்களுக்குப் பரவுகிறது. ரிம், மாற்றும் கூலி, வைக்க இடம் ஆகியவைதான் உண்மையான கூடுதல் செலவு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஆல் வெதர் பக்கம் சாய்வதற்கு இந்த இடப் பிரச்சனையும் ஒரு காரணம். பணத்தை மிச்சம் பிடிக்க இரண்டு சக்கரத்துக்கு மட்டும் வின்டர் டயர் போடுவது மட்டும் கூடவே கூடாது. முன்பக்கம் பிடிக்க, பின்பக்கம் வழுக்கி, கார் சுழன்றுவிடும்.

என்ன செய்யலாம்?

பழைய கார் வாங்குகிறவர்கள் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மலைச் சின்னம் இருக்கிறதா? பள்ளம் எவ்வளவு? 4 மி.மீ.க்குக் கீழே போன டயர் பனியில் நம்பத் தகுந்ததல்ல. எப்போது செய்த டயர்? பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 3521 என்றால், 2021இன் 35ஆவது வாரம். அது உள்பக்கமாக இருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

பிறகு உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வருடத்தின் மிக மோசமான பத்து காலைகளில் நான் கட்டாயம் ஓட்டியாக வேண்டுமா? ஆமாம் என்றால் தனி வின்டர் டயர். இல்லை என்றால் மலைச் சின்னமுள்ள ஆல் வெதர். சின்னமே இல்லாத ஆல் சீசனோடு ஜனவரியில் இறங்குவதற்குத்தான் நல்ல காரணம் எதுவும் கிடைப்பதில்லை.