அடிவாரத்துப் படங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பழனி மலைக்கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோகக் கூடாது என்ற தடை 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடிவாரத்தில் ஐந்து ரூபாய் கட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். "இவ்வளவு தூரம் வந்து ஒரு படம்கூட எடுக்காமல் திரும்புவதா?" என்று வெளியூர் நண்பர்கள் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நான் அவர்கள் கட்சியில் இல்லை. நானும் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தவன்தான், இருந்தும் இல்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு இருக்கும் படம் ஒன்றே ஒன்று. 1981-இல் அப்பாவுக்கு மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசி, மலையிறங்கி வந்து அடிவாரத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. நிஜ மலை கடைக்கு வெளியே நிற்க, கடைக்குள் திரைச்சீலையில் வர்ணம் தீட்டிய ஒரு மலை! அப்பத்தா காமிராவைப் பார்க்கவில்லை. ஓடிவிடாமல் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவரையே பார்க்கிறாள். நான் பிறக்கும் முன்பே அவள் போய்விட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத அவள் கைநாட்டுக்களைத் தவிர்த்தால், அவள் இருந்தாள் என்பதற்கு எங்களிடம் வேறு சான்று இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம். சென்ற ஆண்டு நாம் கொடைக்கானல் சுற்றுலா போனோமே, பில்லர் ராக்ஸில் மேகம் விலகக் காத்திருந்தோமே, அன்று என் ஒருவனின் செல்பேசியில் மட்டும் நானூறுக்கு மேல் படங்கள். அது மழையில் நனைந்து செத்தது. படங்களும் அதோடு செத்தன. அவற்றில் ஒன்றையேனும் நான் அச்செடுத்து வைத்திருக்கவில்லை. நீங்கள் வைத்திருக்கிறீர்களா?

அதன்பிறகு என் தாய்மாமா தம்முடைய பழைய அக்பா கிளிக் 3 காமிராவை எனக்குத் தந்தார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்தார்கள். அங்கே இன்று பிலிம் உருவாவதில்லை. வெளிநாட்டுச் சுருளுக்கு நான் கொடுக்கும் விலையை வீட்டில் சொல்லுவதே இல்லை. பன்னிரண்டுதான் என்று தெரிந்துவிட்டால் கை தானாகவே நிதானப்படுகிறது. தைப்பூசத்தின்போது ஒட்டன்சத்திரம் சாலையில் பாதயாத்திரைக் கூட்டத்தை ஒரு பகல் முழுதும் பார்த்திருந்து மூன்றே படம் எடுத்தேன். அந்த மூவரின் முகமும், பாதத்தில் சுற்றியிருந்த துணியும் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

வேதியியல் மாணவர்களுக்கு இதில் தனி இன்பமும் உண்டு. ஒளி பட்ட சில்வர் புரோமைடை டெவலப்பர் கரைசல் கருநிற வெள்ளித் துகளாக ஒடுக்குகிறது. ஒளி படாததை ஹைப்போ கரைத்து எடுத்துவிடுகிறது. அந்த ஹைப்போ வேறொன்றுமில்லை, அயோடின் டைட்ரேஷனில் நாம் பியூரெட்டில் ஊற்றும் சோடியம் தயோசல்பேட்தான்! மாமா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஸ்டுடியோ இருட்டறையில் உதவியாளராக இருந்தவர். சமன்பாடு அவருக்குத் தெரியாது. ஆனால் சிவப்பு விளக்கொளியில் தாளில் முகம் எழும்பி வரும்போது எந்த நொடியில் எடுக்க வேண்டும் என்பது தெரியும்.

அவர் வேலை பார்த்த கடை மூடப்பட்டபோது பெட்டி பெட்டியாக நெகடிவ்களை எடைக்குப் போட்டார்கள். மாமா இரண்டு பிஸ்கட் டின்னில் அள்ளியதுதான் மிச்சம். அதில் கேரளத்திலிருந்து வந்த குடும்பங்கள், காவடியோடு நிற்கும் கிழவர்கள், மொட்டைத் தலையோடு அழும் குழந்தைகள். அப்பத்தா இருக்கிறாளா என்று ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்தேன். இல்லை.

"ஊர் பேர் தெரியாதவர்கள் படம் யாருக்கு வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். என்னைப்போல் ஓர் அப்பத்தாவைத் தேடுகிறவன் எங்கோ இருப்பான் அல்லவா? அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு, செல்வர்களுக்கு எண்ணெய் ஓவியம் உண்டு. உழைத்துச் சேர்த்த காசில் மலைக்கு வந்த குடியானவனுக்கு இந்த நெகடிவ்தான் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். பழனியில் மூடிய கடைகளின் பரண்களில் கிடப்பதை, பூஞ்சை பிடித்து ஜெலட்டின் கரையும் முன்னே, நாம் ஏன் திரட்டக் கூடாது?

பெரும் செலவு ஒன்றுமில்லை. வெண்மையான ஒளித்திரைமீது நெகடிவை வைத்து, செல்பேசியாலேயே படமெடுத்து, கறுப்பு வெள்ளையைத் திருப்பினால் முகம் வந்துவிடும். ஆம், அடிவாரத்தில் ஐந்து ரூபாய்க்கு ஒப்படைக்கிறோமே, அதே செல்பேசிதான்! வரலாற்றுத் துறையினர் ஊரையும் ஆண்டையும் விசாரித்து எழுதட்டும். ஈரம் படாமல் காப்பதை எங்கள் துறை பார்த்துக்கொள்ளும்.

பிஸ்கட் டின் இரண்டும் இப்போது என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. மழைக்கு அந்த மூலை ஒழுகும். துறைத் தலைவர் அவர்கள் ஓர் இரும்பு அலமாரியின் சாவியைத் தந்தால் நாளைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவேன்.