இலையில் ஏறி அமர்ந்த சாதி

விருந்துக்கு என்ன சமைப்பது? சின்னஞ்சிறு கேள்விதான்! ஆயினும் சிந்தித்துப் பார்ப்போர்க்குச் சமுதாயச் சிக்கல் முழுதும் அதனுள்ளே சுருண்டு கிடப்பது தெரியும்.

மணவிழாவாயினும், பணிநிறைவுப் பாராட்டாயினும், அலுவலகக் கூட்டமாயினும், உணவுப் பட்டியல் எழுத அமர்வோர் எடுத்த எடுப்பில் செப்புவதென்ன? "சைவமே போடுவோம்; அதுதான் எல்லோருக்கும் பொது" என்பதே! எல்லோருக்கும் என்றால் எவருக்கு? 2014ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் 15 வயது நிரம்பியோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்போர் என்கிறது. 97 பேரின் உணவு தனி. மூவரின் உணவு பொது! எந்த ஊர் நியாயம் இது?

"சைவத்தை எவரும் உண்ணலாம், புலாலைச் சிலர் தொடார். ஆகவே சைவமே வசதி" என்று வாதிடுவர். செலவைச் சுருக்கக் காய்கறிச் சோறு போடுவோரோடு நமக்கு வழக்கில்லை. கத்தரிக்காய் மீது நமக்குப் பகையுமில்லை. வழக்கெல்லாம் 'சுத்த சைவம்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சுத்தத்தின்' மீதுதான். ஒன்று சுத்தமெனில் மற்றது அசுத்தம். உணவு அசுத்தமெனில் உண்பவன் யார்? இந்த இடத்தில்தான் மனு, சமையற்காரர் வேடத்தில் கரண்டியேந்தி நிற்கிறார்!

வரலாறு நமக்குப் பாடம் சொல்லாமல் இல்லை. வ.வே.சு. அய்யரின் சேரன்மாதேவி குருகுலத்திலே, நாட்டு விடுதலைக்கென ஊரார் தந்த பொருளில் சோறு பொங்கி, பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி போட்டனர். 1925இல் நாடே கொதித்தது. இரயில் நிலைய உணவகங்களில் இருந்த பிரிவினை ஒழிய 1941 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒழிந்ததா? 2018இல் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடத்தில், சைவருக்குத் தனி வாயில், கை கழுவத் தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர் எதிர்ப்புக்குப் பின்னரே அது கிழிந்தது. விஞ்ஞானம் பயிலும் கூடத்தில் வைதிகம் கை கழுவிற்று!

"சைவமாக இருந்தால் சமத்துவம் வந்துவிடும்" என்போரை மாமல்லபுரத்துக்கு அழைக்கிறோம். 2021 அக்டோபரில், அங்குள்ள தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து, பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் இனப் பெண் ஒருவர் விரட்டப்பட்டார். அங்கே பரிமாறியது மீனா, இறைச்சியா? சைவச் சோறுதான்! சோறு சைவம், விரட்டிய மனமோ மனிதனைத் தின்னும் மனம்! அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அப்பெண்ணோடு அமர்ந்து உண்டார். முதலமைச்சர் ஸ்டாலின் நவம்பர் 4 அன்று பூஞ்சேரிக்கே சென்றார். நன்று! ஆனால் அமைச்சர் வந்தால்தான் இலை விழும் என்ற நிலை, நாடு நாணத்தக்க நிலையன்றோ?

அந்தக் கடற்கரைக்கு அருகே நிற்கிறது அணுபுரம். கல்பாக்கத்தில் அணுவைப் பிளக்கும் அறிவாளர் வாழும் குடியிருப்பு. பல மாநிலத்தார் கூடும் இடம். கடலோரத்தில் மீனவர் குப்பங்கள். இத்தகைய ஊரில் கூடும் அவைகளிலே மீனுக்கு இடமில்லையெனில், வலை வீசுபவனுக்கும் இடமில்லை என்பதே பொருள். அணுவைப் பிளக்கத் தெரிந்த மனிதன் பந்தியைப் பிளக்கலாமா?

தோழர்களே! விருந்துப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது செய்யத்தக்கன சில உண்டு. அழைக்கும்போதே உண்பது யாதெனக் கேளுங்கள். காய்கறியும் மீனும் கறியும் ஒரே பந்தலின்கீழ் இருக்கட்டும். வேண்டாதவர் விலக்கிக்கொள்ள, இன்னதில் இன்னது சேர்ந்துள்ளது என எழுதி வையுங்கள். சைவர் நம் தோழரே. அவர் தட்டில் எவரும் திணிக்க வேண்டா. ஆனால் அவர் விருப்பம் பிறர்க்குச் சட்டமாகவும் வேண்டா. 'சுத்தம்' என்ற சொல்லைப் பாத்திரம் விளக்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, பந்தல் போட்டவர், வண்டி ஓட்டியவர், எச்சில் இலை எடுப்பவர் ஆகியோரை மிஞ்சியதற்குக் காத்திருக்க வைக்காதீர்கள். அவர்களும் முதற்பந்தியில் அமரட்டும். 1929இல் முதல் சுயமரியாதை மாநாடு கூடி, சாதிப்பட்டங்களைத் துறக்கச் சொன்ன செங்கற்பட்டு மண் இது. பெயரின் வாலை அறுத்த நாம், இலையின் ஓரத்தில் அது மீண்டும் முளைக்க விடலாமா?